பிரமாதம் சொல்லும் மேடம்

மேடம் ஒரு பொருளை வாயில் வைத்துவிட்டு "பிரமாதம்" என்று சொன்னால், அந்தப் பொருளை மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துப் போய்விடலாம். எங்களுக்கெல்லாம் இது தெரியும். பொருளைக் கொண்டுவந்த ஆளுக்குத்தான் தெரியாது. அவர் முகமெல்லாம் பல்லாக நின்றுகொண்டு, "எல்லாம் உங்க ஆசீர்வாதம் மேடம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். நாங்கள் தரையைப் பார்ப்போம்.

நாங்கள் என்றால் ஃபிராஞ்சைஸ் எடுத்தவர்கள். போர்டில் கம்பெனியின் பெயர் இருக்கும். வாடகை, ஆள் சம்பளம், வாங்குகிற திட்டு எல்லாம் நம்முடையது. மந்தைவெளியில் நான் அப்படி ஒரு டிபன் கடை நடத்துகிறேன். என் வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார். மற்றதெல்லாம் நான்தான். இட்லி மாவிலிருந்து கை துடைக்கும் காகிதம் வரை எல்லாவற்றையும் கிண்டியிலிருக்கும் தலைமை அலுவலகத்திடம்தான் வாங்க வேண்டும். வேறு யாரிடமும் வாங்கவே கூடாதா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம், அதற்கு வழி இருக்கிறது என்பார்கள். ஏன் வேறு ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாதிரி கொடுத்து நம் செலவில் லேப் சோதனை செய்ய வேண்டும். பிறகு கம்பெனிக்காகத் தரமும் ருசியும் பார்க்கிற மேடம் அந்த ஆளின் இடத்துக்குப் போய்ப் பார்ப்பார். கடைசியில் மூன்று கிண்ணம். இந்த வழியில் எந்த முனையில் நுழைந்தாலும் எதிரே மேடம் சிரித்தபடி நின்றுகொண்டிருப்பார்.

மூன்று கிண்ணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிண்டி அலுவலக மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. மேடம் சுவரைப் பார்த்து உட்காருவார். கைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றிய வெள்ளி ஸ்பூன் வெளியே வரும். வெந்நீரால் வாயைக் கொப்பளிப்பார். ஒரு பெண் பின்னாலிருந்து மூன்று கிண்ணங்களைக் கொண்டுவந்து வைப்பாள். இரண்டில் கம்பெனியின் பண்டம், ஒன்றில் நம் ஆளுடையது. எது எதில் என்று மேடத்துக்குத் தெரியாது. மூன்றையும் சாப்பிட்டுப் பார்த்து, வேறாக இருப்பதைக் காட்ட வேண்டும். சரியாகக் காட்டிவிட்டால் நம் ஆள் தோற்றான். காட்ட முடியாமல் திணறினாலோ, தப்பான கிண்ணத்தைத் தொட்டாலோ அப்ரூவல். சுருக்கமாகச் சொன்னால், மேடம் தோற்றால்தான் நாம் ஜெயிக்க முடியும். மேடம் லேசில் தோற்கிறவர் இல்லை.

தி.நகரில் காபிப்பொடி அரைத்து விற்கிற ஒருவரை அடையாறு கடைக்காரர் ஒருமுறை கூட்டி வந்தார். மேடம் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "எங்கப்பா இருந்தப்போ எங்க வீட்ல குடிச்ச காபி. பிரமாதம்," என்றார். கண் திறந்தபோது நிஜமாகவே கலங்கியிருந்தது. காபிக்காரரும் கலங்கிப்போய், கீழே இறங்கியதும் எங்கள் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். அதைத் தின்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். அடுத்த வாரம் "பொருந்தவில்லை" என்று ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. "அழுதாங்களே சார், அவங்க அழுதாங்களே" என்று அடையாறுக்காரரிடம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தாராம் அந்த மனிதர்.

வடபழனியிலிருந்து ஒருவர் கை துடைக்கும் காகிதம் கொண்டுவந்தார். காகிதத்தை எதற்கு ருசி பார்க்க வேண்டும்? மேடம் அதைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். "எவ்வளவு மிருது! பிரமாதம்!" என்றார். காகிதக்காரரின் கதையும் முடிந்தது.

ஒரே ஒரு சாம்பார்ப்பொடிக்காரர் தப்பித்தார். அவர் பொடியில் செய்த சாம்பாரை மேடம் ஒரு ஸ்பூன் குடித்துவிட்டு, "ம்ம். பரவாயில்லை," என்று சொல்லி வாயைக் கொப்பளித்தார். அந்த மனிதருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "மூணு தலைமுறையா அரைக்கிற பொடி. பரவாயில்லையாம். அது நாக்கா, செருப்பா?" என்று மாடிப்படி முழுக்கத் திட்டிக்கொண்டே இறங்கினார். இன்றைக்கு எல்லாக் கடைக்கும் அவருடைய பொடிதான் போகிறது. அந்தப் "பரவாயில்லை" அவருக்கு இன்னும் ஆறவில்லை.

மேடம் முகத்துக்காக நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லி அனுப்புகிறார் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். அப்படி இல்லை. அவர் புகழ்வதெல்லாம் அடிமனதிலிருந்து வருவது. நல்லதைக் கண்டால் அவருக்கு உடம்பு சிலிர்க்கும். நல்ல மனுஷி வேறு. எனக்கு டெங்கு வந்து படுத்திருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர்தான். கம்பெனியில் வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் எங்களுக்குப் பழக்க தோஷம் என்று ஒன்று இருக்கிறதே. ஒரு நாள் கடைக்கு வந்தவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "உங்க சார் மாதிரி ஒரு பொறுமைசாலி உண்டா? பிரமாதமான மனுஷர்," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் வீட்டுக்காரரை நான் கொஞ்சம் கவலையோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். எங்கள் கம்பெனி இட்லியை மேடம் ஒரு ஸ்பூனுக்கு மேல் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கடை கடையாகப் போகிறவர், சாப்பாட்டு நேரம் வந்தால் கைப்பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துவிடுவார்.

எனக்கும் மேடத்துக்கும் விவகாரம் வந்தது மாவில். காலை வண்டியில் வரும் மாவு ஒழுங்காகத்தான் இருக்கும். மத்தியான வண்டிதான் வில்லன். கிண்டியிலிருந்து புறப்பட்டு, கோட்டூர்புரம் பாலத்துக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ வெயிலில் நின்று, என் கடைக்கு வந்து சேரும்போது மாவு பொங்கி வழிந்துகொண்டிருக்கும். சாயங்காலம் தோசை சாப்பிட வருகிறவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். சிலர் போனை எடுத்து ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். கம்பெனியில் சொன்னால், "எங்க மாவு புளிக்காது. உங்க ஃப்ரிட்ஜைப் பாருங்க," என்றார்கள். புது ஃப்ரிட்ஜ் வாங்கினேன். புது ஃப்ரிட்ஜில் வைத்தாலும் புளித்த மாவு புளித்த மாவுதானே. ஆவணியில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்குள் புகார் நிற்கவில்லை என்றால் போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விடுவோம் என்று நேரிலேயே சொல்லிவிட்டார்கள். கடை போனால் எங்களுக்கு வேறு எதுவும் இல்லை. கல்லாவில் உட்கார்ந்து சிரிப்பதற்கு வெளியில் யார் சம்பளம் கொடுக்கப்போகிறார்கள்?

பக்கத்திலேயே மாவு அரைக்கிற ஆளைப் பிடித்தால்தான் பிழைக்கலாம் என்று முடிவு செய்து, ரோசலியைப் பிடித்தேன். நொச்சிக்குப்பம் குடியிருப்பில் கீழ்வீட்டில் கிரைண்டர்களைப் போட்டு மாவு ஆட்டி, பாக்கெட் பாக்கெட்டாகச் சாந்தோம், மந்தைவெளி வீடுகளுக்கு விற்கிறவள். அவள் புருஷன் கடலுக்குப் போகிறவர்; அவர் போனாலும் போகாவிட்டாலும் அந்த வீட்டை ஓட்டியது மாவுதான். வாய் கொஞ்சம் அதிகம். மாவை யாராவது குறை சொன்னால் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

"கம்பெனிக்கு டெய்லி டிரம்மு போவும்னா நான் ஏன்க்கா வூடு வூடா ஏறி எறங்கப் போறேன்? இட்டுக்கினு வா உன் மேடத்த," என்றாள்.

எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. கம்பெனி சைவம். ரோசலி வீட்டில் மீன் வாசனை வாசலிலேயே வரவேற்கும். மேடம் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். லேப் சோதனை முடிந்து மேடம் இடம் பார்க்க வந்த அன்று, செருப்பை வாசலில் விட்டு உள்ளே போய், கவிழ்த்துப் போட்ட டிரம் மேல் உட்கார்ந்து, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தார். கிரைண்டர், தண்ணீர், சாக்கடை எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு குறை சொல்லவில்லை. ரோசலி தட்டில் இட்லி வைத்தாள்.

"உங்களுக்குன்னு சட்னி அரைச்சி வச்சிக்கீறேன் மேடம். அது வந்து, நெத்திலிக் கொழம்பு. எங்களுக்கு."

"அதுவும் ஊத்துங்கம்மா. வாசனை உள்ள நுழையும்போதே இழுத்துச்சு."

எத்தனை இட்லி சாப்பிட்டார் என்று எண்ணுவது மரியாதை இல்லை. தட்டில் குழம்பின் தடம்கூட மிச்சமில்லாமல் விரலால் வழித்தார். பிறகு ரோசலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பிரமாதம்மா! இந்த மாதிரி இட்லி மெட்ராஸ்லயே கிடையாது. வீட்டுக்கு ரெண்டு பாக்கெட் கட்டிக் குடுங்க."

நான் தரையைப் பார்த்தேன். ரோசலி வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தெருவையே அதட்டுகிறவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மேடத்தின் கார் போனதும் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ரோசலி, சந்தோஷப்படாத. அவங்க பிரமாதம்னு சொன்னா வேணாம்னு அர்த்தம்."

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யக்கா, உன்க்கு இன்னா வயித்தெரிச்சலா? கொழம்ப வழிச்சித் துன்னாங்க, பாத்தல்ல? காசு குத்துப் பாக்கெட்டு வாங்கிக்கினு போறாங்க. நீ இன்னாடான்னா வேணான்னு அர்த்தம்ன்ற. போக்கா."

மூன்று கிண்ணத்துக்கு நாள் குறித்தார்கள். ரோசலி மாவில் ஊற்றிய இட்லி நடுக்கிண்ணத்தில் இருந்தது. மேடம் ஸ்பூனை எடுக்கக்கூட இல்லை. விரலால் மூன்றையும் ஒரு முறை லேசாக அழுத்தினார். நடுக்கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "பிரமாதம்," என்றார். பொருந்தவில்லை என்று கையோடு எழுதியும் கொடுத்துவிட்டார்.

ரோசலிக்குச் சொன்னபோது அவள் நம்பவில்லை. "நல்லாக்கீதுன்னு சொல்லிக்கினே வேணான்றாங்களா? இன்னாக்கா நியாயம் இது?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். எனக்கும் தாங்கவில்லை. நேராகக் கிண்டிக்குப் போனேன். சண்டை போடுவது என்ற முடிவோடுதான் போனேன். மேடத்திடம் சண்டை போட முடியாது. உட்கார வைத்து மோர் கொடுத்தார்.

"ஏம்மா, ஒருத்தர் வடபழனியில நம்ம இட்லி சாப்பிடறார். மறுநாள் உங்க கடையில சாப்பிடறார். ரெண்டும் ஒண்ணா இருக்கணுமா வேண்டாமா? உங்க கடையில மட்டும் பிரமாதமா இருந்தா மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

"நல்லா இருக்கறது ஒரு குத்தமா மேடம்?"

"யார் சொன்னா குத்தம்னு? எங்க வீட்ல நேத்து அதுதான். எங்க மாமியார் மூணு வேளையும் அதையே கேக்கறாங்க. ஆனா நாக்குல தனியாத் தெரியுதே. தனியாத் தெரிஞ்சா அது நம்ம இட்லி இல்லை." என் கையை மெதுவாகத் தட்டிக் கொடுத்தார். "அந்தம்மாவைக் கொஞ்சம் கெடுத்துக் கொண்டுவரச் சொல்லுங்க. கண்டிப்பாப் பண்ணிடலாம்."

இதைக் கேட்டு ரோசலி என்னை அடிக்க வருவாள் என்று நினைத்தேன். அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு, "சரி, எத்த மாரி கெடுக்கணும்? சாம்பிள் குடு," என்றாள். டிரம் டிரம்மாக மாவு போகும் என்ற ஆசை அவளை விடவில்லை. என்னை ஆவணி விடவில்லை.

இங்கேதான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முட்டாள்தனம் செய்தோம். சாம்பிளுக்கு நான் என் ஃப்ரிட்ஜில் இருந்த கம்பெனி மாவைக் கொடுத்தேன். அது மத்தியான வண்டியில் வந்தது. காலை மாவு தீர்ந்துபோயிருந்தது; என் கடையில் மிச்சமிருந்த கம்பெனி மாவு அதுதானே? ரோசலி அதை நக்கிப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு, அதே மாதிரி வருகிறவரை தன் மாவை வெயிலில் வைத்தாள். அச்சு அசலாக வந்தது. நானே கண்ணை மூடிச் சாப்பிட்டுப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. இந்த முறை ஜெயித்தோம் என்று ஆட்டோ பிடித்துக் கிண்டிக்குப் போனோம். அங்கே கம்பெனிக் கிண்ணங்களில் இருந்தது காலையில் அரைத்து, கிண்டியை விட்டே நகராத மாவு. மேடம் மூன்றாவது கிண்ணத்திலிருந்து ஒரு ஸ்பூன் வாயில் வைத்ததும் தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

"ஐயையோ, என்னம்மா இவ்வளவு புளிப்பு?"

"உங்க மாவு என் கடைக்கு இப்படித்தான் மேடம் வருது," என்றேன்.

"எங்க மாவு புளிக்காதும்மா," என்றார் மேடம் சாந்தமாக. "உங்க ஃப்ரிட்ஜைப் பாருங்க." பிறகு ரோசலியைப் பார்த்தார். அவர் முகத்தில் அவ்வளவு வருத்தம். "கெடுக்கச் சொன்னா இப்படியாம்மா கெடுப்பாங்க? கெடுக்கறதுக்கும் ஒரு அளவு இல்லையா? நானே வந்து சொல்லித் தர்றேன்."

சொன்னபடி வந்தார். அலுவலகம் முடிந்து, மயிலாப்பூரில் இருக்கும் தன் வீட்டுக்குப் போவதற்கு முன்னால், அந்த மாதம் முழுக்க நொச்சிக்குப்பத்துக்கு வந்து, கவிழ்த்த டிரம் மேல் உட்கார்ந்து, ஒரு நல்ல மாவை எப்படிச் சுமாராக்குவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். உளுந்தைக் குறைத்தார். வெந்தயத்தை எடுத்துவிடச் சொன்னார். கல் கிரைண்டர் வேண்டாம், சூடேற ஓடுகிற மெஷின் போடு என்றார். ரோசலி கையால் மாவைக் கரைக்கப் போனபோது மேடம் பாய்ந்து வந்து தடுத்தார்.

"கை படக் கூடாதும்மா. கரண்டி. கை பட்டா நல்லா வந்துடும்."

ஒவ்வொரு நாளும் இட்லி ஊற்றி அவருக்குக் கொடுப்பாள் ரோசலி. மேடம் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவார். "இன்னும் நல்லா இருக்கேம்மா," என்பார். ரோசலி தலையில் கை வைத்துக்கொள்வாள். பிறந்ததிலிருந்து குறை கேட்டுப் பழக்கமில்லாதவளுக்கு, நல்லா இருக்கு என்ற வார்த்தையே வசவாகிவிட்டது. ஒரு நாள் அவள் புருஷன் தெரியாத்தனமாக, "இன்னிக்கு இட்லி நல்லாக்கீதே," என்று சொல்லிவிட்டு, கரண்டியால் அடி வாங்கினார்.

இத்தனைக்கும் நடுவில் மேடம் கிளம்பும்போது, "வீட்டுக்கு ரெண்டு பாக்கெட், பழையது," என்று கேட்கத் தவறியதே இல்லை. பழையது என்றால் பழைய முறையில் ஆட்டியது. ரோசலி அதைத் தனியாக, கல்லில் ஆட்டி, கையால் கரைத்து வைத்திருப்பாள். மேடம் தன் மாவைச் சாப்பிடுகிற வரையில் தனக்குக் கெடுதல் வராது என்று அவள் நம்பினாள். நான்கூடக் கொஞ்சம் நம்பினேன்.

ஆடி முடிகிற சமயத்தில் மறுபடியும் மூன்று கிண்ணம். மேடம் முதல் கிண்ணத்தைச் சாப்பிட்டார், கொப்பளித்தார். இரண்டாவது. மூன்றாவது. மறுபடியும் முதலாவது. நெற்றியைச் சுருக்கினார். அந்த அறையில் அவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்று கிண்ணம் வைக்கிற பெண் என் காதில் சொன்னாள். கடைசியில் ஒரு கிண்ணத்தைத் தொட்டார். அது கம்பெனியுடையது. ரோசலி "யேசுவே" என்று கத்திவிட்டாள். மேடம் எழுந்துவந்து அவளைக் கட்டிக்கொண்டார். மேடத்துக்குத் தோற்றதில் அத்தனை ஆனந்தம். "ம்ம். பரவாயில்லை. ரொம்பப் பரவாயில்லை," என்று சொல்லிச் சொல்லி அவள் முதுகைத் தட்டினார்.

அப்ரூவல் வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. அப்ரூவல் வாங்கிய இடத்தில் அந்த ஒரு மாவைத் தவிர வேறு மாவு ஆட்டக் கூடாது, கலந்துவிடும். அதையும் மேடம்தான் நேரில் வந்து விளக்கினார். கல் கிரைண்டரை இடத்தைவிட்டு எடுத்துவிடச் சொன்னார். ரோசலி எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதற்கு ரொம்ப நேரம் ஆகாது. என் கடையில் புளிப்பு நின்றது. புகார் நின்றது. இட்லியை யாரும் புகழவில்லை, யாரும் திட்டவில்லை. சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், போனார்கள். ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று. எனக்கு நிம்மதிதான், இல்லை என்று நடிக்க மாட்டேன். ரோசலியின் பாக்கெட் மாவு வாங்கிய வீடுகள்தான் ஒவ்வொன்றாக நின்றன. கம்பெனிக்குப் போகிற அதே மாவைத்தான் அவள் பாக்கெட்டிலும் போட முடிந்தது. "மாவுல இன்னாத்தடி கலக்குற?" என்று சாந்தோம் பெண்கள் கேட்டார்கள். குப்பத்தில் அவளுக்குக் "கம்பெனி மாவு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முன்பெல்லாம் குறை சொன்னால் பாக்கெட்டைப் பிடுங்குகிறவள், இப்போது கேட்டுக்கொண்டு சும்மா நின்றாள். டிரம் போகிறது என் ஒரு கடைக்கு மட்டும்தான். மற்ற கடைகளும் கேட்கும் என்று மேடம் சொல்லியிருந்தார். அவர்கள் ஏன் கேட்கப்போகிறார்கள்? கம்பெனி மாவு மாதிரியே இருக்கிற மாவுக்கு யார் மெனக்கெடுவார்கள்?

மேடம் ஓய்வு பெற்றுப் பெங்களூரில் மகளோடு போய் இருப்பதாகக் கேள்வி. அங்கே எத்தனை பேரைப் புகழ்ந்துகொண்டிருக்கிறாரோ. அவரை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது ஓய்வுக்கு முன்னால் கடைசியாகக் கடைக்கு வந்த அந்த ஒரு காலைதான்.

வழக்கமான சோதனைக்கு வந்திருந்தார். சமையலறையை ஒட்டிய மேஜையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மூன்று கிண்ணத்தையும் ருசி பார்த்தார். "ம்ம். பரவாயில்லை," என்றார். தேறியாயிற்று. பின்வாசல் வழியாக ரோசலி மாவு டிரம்மைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மேடத்தைப் பார்த்ததும் டிரம்மை வைத்துவிட்டு வணக்கம் சொன்னாள்.

"உங்களைத்தான்மா நினைச்சேன்," என்றார் மேடம். ஸ்பூனைக் கழுவித் துடைத்துக்கொண்டே பேசினார். "வீட்டுக்கு உங்ககிட்ட வாங்கறதை நிறுத்திட்டேன், தெரியுமோ? தப்பா நினைக்காதீங்க. எங்க மாமியார் தட்டையே தள்ளிட்டாங்க. முன்ன மாதிரி இல்லையேம்மா உங்க மாவு."

என் வீட்டுக்காரர்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டார். ரோசலி கோபமாகக் கேட்கவில்லை. பாடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"நீங்க சொன்ன மாரிதான் மேடம் கெடுத்தேன். இன்னும் கெடுக்கணுமா?"

"ஐயோ, வேணாம்மா, வேணாம். இப்பதான் சரியா இருக்கு. இதை மாத்திடாதீங்க." மேடம் பதறிப்போய் அவள் தோளைத் தொட்டார். பிறகு கைக்குட்டையில் ஸ்பூனைச் சுற்றியபடி, கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உங்க பக்கத்துல வேற யாராவது நல்லா ஆட்டறாங்களாம்மா? வீட்டுக்குத்தான்."

கொதிக்கிற சாம்பார் பக்கத்தில்தான் இருந்தது. அதை எடுத்து அந்த அம்மாள் தலையில் ஊற்ற வேண்டும் என்று நான் நினைத்தது சத்தியம்.

ரோசலி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"கீறாங்க மேடம். எங்க பின்னாடி ப்ளாக்ல எஸ்தர்னு ஒரு பொண்ணு. சூப்பரா ஆட்டுது. எங்க வூட்டுக்கே இப்ப அதுகிட்டதான் வாங்குறோம்."

மேடம் அந்தப் பெயரை இரண்டு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். ரோசலி முந்தின நாள் காலி டிரம்மை எடுத்துக்கொண்டு, வழி காட்ட அவருக்கு முன்னால் நடந்தாள்.